சானடோரியத்தில் மூச்சுவிடுதல்: ஒரு விளக்கவுரை

1

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே பிறந்தவர்களில் என்னளவு பயமற்றவன் இன்னொருவன் இல்லை. அடக்கத்தோடுதான் சொல்கிறேன், அடக்கம் இல்லாவிட்டால் செங்கல்பட்டுவரை போயிருப்பேன்.

இந்தக் கதை ஒரு கவிதையைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. தப்பு என்னுடையது. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். நான்காவது முறை பேனாவில் மை தீர்ந்துவிட்டது.)

2

தொடக்கம்: ‘மாலை வெயிலில் மின்சார ரயில் ஒரு...’ வேண்டாம். ரயிலை வர்ணித்தால் உடனே பாம்பு வந்துவிடும்.

நேராகவே சொல்கிறேன். வருஷம் 1969. கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் ஆசிரியர். வகுப்பில் இருந்த நான்கு பெண்களில் ஒருத்தியான தபீதாள் ஒரு கவிதை கொடுத்தாள்.

*ஊரே மூச்சைப் பிடித்த இடத்தில்*
*ஆறு வயசு இழுத்து விட்டது*
*அம்மா இருக்கும் காற்றை.*

(வெளியூர்க்காரர்களுக்கு: தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். காசநோய் ஆஸ்பத்திரி அங்கேதான். வண்டி அங்கே நின்று கிளம்பும்வரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மூச்சு விடமாட்டார்கள். விட்டவன் அவுட். அவனோடு ஒரு வாரம் யாரும் கோலி ஆடமாட்டார்கள்.)

கவிதைக்குக் கீழே நான் ஒரு விளக்கவுரை எழுதினேன்: ‘மூச்சு விடுவது வீரமென்றால் குரோம்பேட்டை மாடுகளுக்கெல்லாம் மெடல் குத்த வேண்டியிருக்கும்.’ வகுப்பே சிரித்தது. பக்கத்து பெஞ்சு லாசரஸ் அதைத் தன் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டான்.

3

இந்த இடத்தில், முதல் பிரதியில் தபீதாளை அழவைத்திருந்தேன். அழுகிற பெண்ணுக்கு ஆறுதல் சொல்வது எனக்கு வசதி. ஆனால் அந்தப் பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

“அம்மா படிச்சாங்க. சானடோரியத்துல ரெண்டாவது தடவையா இருக்காங்க. மாடு வர்ற இடத்துல நல்லா சிரிச்சாங்க. எழுதின ஆளைப் பார்க்கணுமாம்.”

எனக்குப் பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்றாள். வயிறு சரியில்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம் என்றாள்.

“அம்மாகிட்ட இருந்து இனிமே ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். அப்புறமும் பயமா?”

இந்தக் கதையின் முதல் வரியை எழுதக்கூடிய ஒருவனால் இதற்கு ‘வருகிறேன்’ என்றுதான் சொல்ல முடியும்.

4

வாசகரிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பத்தொன்பது வயதிலும் அந்த ஸ்டேஷனில் நான் மூச்சு விட்டதில்லை. பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. வார்டு வாசலில் ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். தபீதாளின் அம்மா ரத்தினபாய், கணக்கு டீச்சர், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பினாயில் வாசனை வந்தது என்று எழுதத்தான் ஆசை. எனக்கு எப்படித் தெரியும்?

“எந்த ஊர் தம்பி?”

தலையாட்டினேன். எந்த ஊருக்கு அப்படித் தலையாட்டுவார்கள் என்று அவருக்கும் விளங்கவில்லை போலும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளங்கிவிட்டது.

“இவளும் ஆறு வயசுல இங்கதான் வந்து நின்னா. கன்னம் ரெண்டும் உப்பிப்போய். யாரும் ஒண்ணும் சொல்லலை. அவளாவே பக்கத்துல வந்து உக்காந்தா. மூச்சை இழுத்து விட்டா. எனக்குக் கவிதையெல்லாம் வராது தம்பி. இவ எழுதினதை நாலு தடவை படிச்சேன். நாலு தடவையும் எனக்குப் பெருமையா இருந்துது.”

தபீதாள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். வெளியே ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்க்காமலிருக்கத்தான்.

அந்த மூன்று வரிக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது. என்னுடையதை அடித்துவிடச் சம்மதிக்கிறேன். மாட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன், டீச்சருக்குப் பிடித்திருக்கிறது.

5

முடிவுகள் கைவசம் இரண்டு உண்டு.

(அ) கதாநாயகன் மன்னிப்புக் கேட்கிறான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

(ஆ) ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். வாக்கிய அமைப்பு இதில் நன்றாக இருக்கிறது.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதாக இல்லை. சொல்ல அப்படி ஒன்றும் நடந்துவிடவும் இல்லை. டீச்சர் மறுபடியும் எந்த ஊர் என்று கேட்டார். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சேலையூர், டீச்சர்.”

இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் நீளமாகவே பதில் சொன்னேன்.