வரையாத சந்துகள்

மருமகள் என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் மாமியாரிடம் ஒரே பதில்தான்: "கம்ப்யூட்டர்ல கோடு போடற படிப்பு." பத்து வருடம் ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு, முப்பத்தைந்து வயதில் முதுகலை வகுப்பில் போய் உட்கார்ந்தவளைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. மாமியார் மட்டும் பிளக்கவில்லை. "படிக்கட்டும். சும்மா இருந்தா என்னைத்தான் திருத்திக்கிட்டு இருப்பா" என்று முடித்துவிட்டார்.

கோடு போடுவது என்று அவர் சொன்னதிலும் தப்பில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, அதன்மேல் தெருத் தெருவாக மவுஸால் கோடு இழுப்பதுதான் அவளுடைய வேலையில் பாதி. ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: நகராட்சி கட்டப்போகும் சின்ன ஆஸ்பத்திரி எந்த இடத்தில் வந்தால், கால் மணி நேரத்தில் நடந்தே போய்ச் சேரக்கூடியவர்கள் அதிகமாக இருப்பார்கள்? நகராட்சிக்கும் அந்த விடை தேவைப்பட்டது. கல்லூரியில் அவள் துறை நடத்தும் கூட்டத்துக்கு அங்கிருந்து ஒரு பொறியாளர் வருவார், அவள் காட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு போவார் என்று ஏற்பாடு.

மென்பொருள் கணக்குப் போட்டு ஓர் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தது. அவள் குடியிருக்கும் தெருவின் முனையில் பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கு.

அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் வீட்டில் சொல்லித் தொலைத்தாள். மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தகராறு. இப்போதிருக்கும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், மாறும் இடத்தில் ஏற வேண்டிய படியை நினைத்தாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே யானை கிளம்பியதா என்றே தெரியாது. மணியை மட்டும் மாமியார் வீடு வீடாக அடித்துவிட்டு வந்தார். மளிகைக் கடைக்காரர் பக்கத்திலேயே ஒரு மருந்துக் கடையும் போட்டுவிடலாம் என்று சுவரை அளந்து வைத்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் ஆய்வகத்தில் உட்கார்ந்து படத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். பின்னணி கண்ணை உறுத்துகிறதே என்று வான்படத்தை அணைத்தாள். வெள்ளைத் திரையில் அவள் வரைந்த கோடுகள் மட்டும் நின்றன. ஊருக்கு நடுவே ஓடும் கால்வாய்க்கு இந்தப் பக்கம், அவள் பேட்டை, மீன்வலையைப் போல நெருக்கமாக இருந்தது. அந்தப் பக்கம் நாலைந்து பெரிய சாலைகள். நடுவில் வெறும் வெள்ளை.

வான்படத்தை மறுபடி போட்டுப் பார்த்தாள். தன் பேட்டையைத்தான் அவள் முதலில் வரைந்திருந்தாள், கை பழகுவதற்காக. சலவைக் கடைக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதை, ஆள் பக்கவாட்டில் நுழைந்தால் மட்டுமே போக முடிகிற சுவரிடுக்கு, எதையும் விடவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரே மரமாக மூடியிருந்தது. சந்துகள் கண்ணுக்குத் தெரியவில்லை, பெரிய சாலை போதும் என்று விட்டுவிட்டாள். மென்பொருளுக்கு என்ன தெரியும்? கோடு இருந்தால் அதற்கு வழி, இல்லாவிட்டால் சுவர். அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் அதன் கணக்கில் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை அவள் கணினி வைத்து நிரூபித்திருந்தாள்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் போவதில்லை. அந்த எண்ணம் வரத்தான் செய்தது, வந்து கொஞ்ச நேரம் சௌகரியமாக உட்காரவும் செய்தது. பிறகு அவள் எழுந்து, ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

பேராசிரியை திரையை வெகுநேரம் பார்த்தார். "நானும் மூணு தடவை பார்த்தேனே, எனக்கும் தோணலையே!" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார். "இப்ப என்ன செய்யலாம்ங்கிறீங்க?"

"ரெண்டு வாரம் குடுங்க மேடம். நடந்து பார்த்து வரைஞ்சுடறேன்."

"கூட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்றேன். வீட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"வீட்டுலதான் மேடம் பிரச்சினையே."

லிப்ட் மெக்கானிக்கான கணவன் ஞாயிற்றுக்கிழமை கூடவே வந்தான். போனில் இருந்த செயலி அவர்கள் நடந்த வழியைக் கோடாகப் பதிந்துகொண்டே வந்தது. மரங்களுக்கு அடியில் சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. வீடுகளுக்கும் குழந்தைகளுக்கும் குறைவில்லை. ஒரு பெரியவர் வழி மறித்தார். "என்னத்தை அளக்கறீங்க? வீட்டை இடிக்கப் போறீங்களா?"

"இல்லங்க, ஆஸ்பத்திரி கட்ட" என்றான் கணவன்.

"அதையும் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் வழி விட்டார்.

திரும்பும்போது கணவன் மெதுவாகக் கேட்டான். "அம்மாகிட்ட யார் சொல்றது?"

"உங்க அம்மாதானே?"

"உன் மேப்புதானே?"

புதுக் கோடுகளைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் சிவப்புப் புள்ளி கால்வாயைத் தாண்டிப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் உட்கார்ந்தது. நடந்து வரக்கூடியவர்கள் முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பார்த்ததும் அவளுக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. விடை சரி என்று உடம்பே சொன்னது. வீட்டு வாசலை மிதிக்கும் வரை அந்த மகிழ்ச்சி தாங்கியது.

மடிக்கணினியை மாமியார் பக்கம் திருப்பி, இரண்டு படங்களையும் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நம்ம வீட்டுலேந்து எவ்வளவு நேரம்?"

"பாலம் சுத்திப் போனா இருபத்தஞ்சு நிமிஷம் அத்தை. உங்க காலுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் அவளிடம் பேச்சில்லை. தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது.

கூட்டம் நன்றாகவே முடிந்தது. பொறியாளர் தொட்டிப் பக்கத்து இடத்தைக் குறித்துக்கொண்டார், பேராசிரியை கை குலுக்கினார். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பியபோது மளிகைக் கடை பெஞ்சில் மாமியார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் ஆற்றாமையில் பொருமிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ளயே ஆளை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியைக் கோட்டை விட்டுட்டீங்களேம்மா! அவங்க பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாதுதான்" என்றார் மாமியார். "அவ நினைச்சிருந்தா என் கட்டிலுக்குப் பக்கத்துலயே கொண்டாந்து வெச்சிருப்பா. வெக்கலையே! என் கால் வலியை என்னைவிட அதிகமாப் பார்த்தவ அவ. அப்பவும் வெக்கலையே! அப்படி ஒருத்தி உங்க வீட்டுல இருக்காளா?"

கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் அருகில் போனதும் மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டியா? கையைக் குடு, எந்திரிக்கணும்."

கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் மெதுவாக வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

"இருபத்தஞ்சு நிமிஷம்னு சொன்னியே. நடுவுல எங்கயாவது உக்கார இடம் இருக்கா?"

"இல்லை அத்தை."

"நாளைக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. எனக்கு எங்கெங்க கால் நிக்குதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வை. அங்க பெஞ்சு போடச் சொல்லி அந்த இஞ்சினியருக்கு அனுப்பு."