ஹாஜா மைதீன் மாமாவின் முழங்கால்

1

இந்தக் கதை ஒரு முழங்காலிலிருந்து பிறந்தது. என்னுடையதல்ல, ஹாஜா மைதீன் மாமாவுடையது. போன திங்கட்கிழமை காலை அந்த முழங்கால் எங்கள் ஊர் தொண்டியிலிருந்து வந்து தாம்பரத்தில் இறங்கியது. கூடவே மாமாவும், ஒரு எக்ஸ்ரே கவரும்.

இதை நான் எழுதவில்லை. இரும்புலியூர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அறைத்தோழி சினேகா அதை எழுத்துத் தமிழாக்கித் தருகிறாள். நம் குடும்ப குரூப்பில் போடுவதற்காக.

[தமிழை மட்டும்தான் திருத்துகிறேன். பயத்தையும் எடுத்துவிடு என்றாள். அப்புறம் கதையில் ஒன்றுமே மிஞ்சாது. – சினேகா]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "தாம்பரத்தில் சோயா என்றொரு மாணவி இருந்தாள். அவள் எலும்பு டாக்டருக்குப் படிப்பதாக ஊரே நினைத்தது. பாவம், அவளுக்கு"

அங்கேயே நிறுத்திவிட்டேன். சோயா யாரென்று அம்மாவுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். மேலும் அவளுக்கு எதற்குப் பாவம்? வாயைத் திறந்து சொல்லாதவள் அவள்தானே.

இரண்டாவது தொடக்கம்: "கினீசியாலஜி என்பது மனித உடலின் அசைவை ஆராயும் படிப்பு."

இது போன வருஷம் அத்தாவிடம் நான் சொன்ன அதே வாக்கியம். சேர்ந்த படிப்பின் பெயர் 'உடற்கல்வியும் கினீசியாலஜியும்'. முதல் பாதியை விழுங்கிவிட்டேன். அத்தா பள்ளிவாசல் வாசலில் "மக எலும்பு சம்பந்தமாப் படிக்குது" என்றார். அஸர் தொழுகைக்கும் மக்ரிப் தொழுகைக்கும் நடுவில் ஊர் என்னை டாக்டராக்கிவிட்டது. அதன் பிறகு என் போனுக்குப் பதினோரு எக்ஸ்ரேக்கள் வந்தன. பன்னிரண்டாவது, ஒரு ஆட்டுக்காலின் போட்டோ. ஆடு உயிரோடு இருக்கிறது என்று கீழே எழுதியிருந்தார்கள்.

எல்லோரிடமும் "டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். அடக்கமான பிள்ளை என்று பெயர் வந்தது.

சோயாவை நீக்குகிறேன். அது நான்தான், ஹஃபீசா.

3

திங்கட்கிழமை எனக்குக் கற்பித்தல் தேர்வு. பக்கத்துப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் எங்கள் மைதானத்துக்கு வருவார்கள். பிரிட்டோ சார் மார்க் போடுவார். நான் முழுக்கை டீ ஷர்ட், டிராக் பேண்ட், தலையில் ஸ்கார்ஃப், கழுத்தில் விசில் என்று நின்றுகொண்டு, சுண்ணாம்புப் பொடியால் ஓட்டப் பாதைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெயவேலு அண்ணன் வந்தார்.

"பாப்பா, கேட்டாண்ட ஒருத்தர் நின்னுகினு கீறாரு. டாக்டரம்மாவப் பாக்கணுமாம். பேரு கேட்டா உன் பேர சொல்றாரு. இன்னா மேட்டரு?"

அவருக்குப் பின்னாலேயே மாமா நொண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

"ஆஸ்பத்திரி இல்ல மாமா. இதுதான் கிளாஸு."

மாமா கீழே பார்த்தார். "என்ன, கோலமா போட்டு வச்சிருக்கீக?"

"ஓடுறதுக்குக் கோடு மாமா."

"யாரு ஓடுறது?"

"பிள்ளைங்க. நான் ஓட வைக்கிறவ. பி.டி. டீச்சருக்குப் படிக்கிறேன்."

ஒரு வருஷமாக விழுங்கிவைத்திருந்தது, கையில் சுண்ணாம்போடு இருக்கும்போது சாதாரணமாக வந்துவிட்டது.

மாமாவின் முகம் இருண்ட

இல்லை. அப்படிச் சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் மாமா எக்ஸ்ரே கவரைத் தலைக்கு மேலே வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு, "அப்ப இந்த முட்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்றுதான் கேட்டார்.

"டாக்டர்தான் சொல்லணும். சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன். இப்ப அந்தக் கோட்டு மேல கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நடையைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்துக் குறித்துக்கொள்வது எங்கள் பாடம். அது ஒன்று எனக்குத் தெரியும். வலது செருப்பின் வெளி ஓரம் சரிவாகத் தேய்ந்து, ஒவ்வோர் எட்டுக்கும் கால் வெளியே சாய்ந்தது.

"முதல்ல இந்தச் செருப்ப மாத்தணும் மாமா. எப்ப வாங்குனீங்க?"

"சிங்கப்பூர்ல. ரெண்டாயிரத்துப் பதிமூணு."

"அந்தச் செருப்ப ஸ்கூல்ல சேத்துடலாம் சார்" என்றார் ஜெயவேலு அண்ணன்.

[சாயங்காலம் டாக்டரிடம் போனோம். வயதுத் தேய்மானம், பயிற்சி செய்யுங்கள், முதலில் செருப்பை மாற்றுங்கள் என்றார். மாமா கிளினிக் முழுக்கக் கேட்கும்படி, "எங்க வூட்டுப் பிள்ள காலைலயே சொல்லிருச்சு" என்றார். ஹஃபீசா இதைச் சொல்லக் கூச்சப்பட்டதால் நான் சேர்க்கிறேன். – சினேகா]

பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் கல்லூரியில் எதுவும் ஜெபத்தோடுதான் தொடங்கும். பிரிட்டோ சார் ஜெபித்தார். மரத்தடியில் மாமா இரண்டு கையையும் ஏந்தி, தன் வழக்கப்படி துஆ கேட்டார். எனக்காகவா முட்டிக்காகவா, தெரியாது. பிறகு நான் கட்டளை கொடுத்தேன். வீட்டில் "சோறு போடவா" என்று நான் கேட்டாலே "என்ன?" என்று திரும்பக் கேட்பீர்களே, அந்தக் குரல்தான். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். 

போகும்போது மாமா சொன்னார்: "வெள்ளிக்கிழம ஜும்மாவுல ஒங்க அத்தாவப் பார்ப்பேன். கேட்டாருன்னா எனக்குப் பொய் வராது. அதுக்குள்ள நீயே சொல்லிரு."

இன்று வியாழக்கிழமை சாயங்காலம்.

4

முடிவுகள் மூன்று யோசித்தேன்.

அத்தா படித்துவிட்டு "பரவாயில்ல" என்கிறார். [நம்பும்படி இல்லை. – சினேகா]

அக்காவின் கணவர் ஷாகுல் மச்சான், "பொம்பளப் பிள்ள மைதானத்துல விசில் ஊதுறதா?" என்கிறார். அத்தா போன் செய்து, "பெட்டியக் கட்டு" என்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை

போன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாக மைக்கை அணைத்துக்கொண்டது.

மூன்றாவதில் எல்லோரும் சிரித்து, நான் கல்யாணப் பந்தியில் பிரியாணி சாப்பிடுகிறேன். யாருடைய கல்யாணம் என்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

5

அத்தா, கதை இல்லாமல் நேராகச் சொல்கிறேன். நான் டாக்டர் ஆக மாட்டேன். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் விசிலோடு வெயிலில் நிற்பேன். அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. மறைத்தது தப்பு. அதற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். திரும்ப மட்டும் கூப்பிடாதீர்கள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

முடிவை நான் வைக்கப் போவதில்லை. நீங்கள் டைப் செய்ய மாட்டீர்கள், குரலில்தான் பதில் அனுப்புவீர்கள். பேசுவதற்கு முன்னால் ஒருமுறை இருமுவீர்கள். அந்த இருமல் வரைக்கும்தான் கதை என்னுடையது. அதற்குப் பிறகு வருவதை நீங்கள் சொல்லுங்கள்.

சினேகா, போதும். அனுப்பு.