விழாத லிஃப்ட்

என் மைத்துனனின் முதல் படத்தில் கதாநாயகி சாகப்போகிற நேரத்தில் நான் சிரித்துவிட்டேன். வாய்க்குள் சிரித்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் சிரித்தால் அடுத்த தெரு நாய் எழுந்து உட்காரும் என்பது என் மனைவியின் கணக்கு.

அது விநியோகஸ்தர்களுக்கான சிறப்புக் காட்சி. நாற்பது இருக்கை கொண்ட குட்டி அரங்கு. குடும்பத்தின் சார்பில் நானும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். திரையில், இருபத்திரண்டாவது மாடியில் லிஃப்ட் சிக்கி நிற்கிறது. உள்ளே கதாநாயகி தனியாக. மேலே இரும்புக் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கடைசிக் கயிறும் அறுந்து, பெட்டி கல் மாதிரி விழுகிறது. பின்னணி இசை சட்டென்று நின்றது. அரங்கில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்து நான், "ஏம்ப்பா, பிரேக்கை எவனாவது கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டானா?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல், என் ஜோக்குக்கு நானே சிரித்தேன்.

முன்வரிசையில் ஒருவர் குலுங்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்து ஆள். அப்புறம் மொத்த அரங்கும். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. கதாநாயகியின் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உடைந்து அழும்போது ஒரே ஒருவர்தான் இருமி மறைத்தார். மற்றவர்களுக்கு அந்த நாகரிகமும் இல்லை. வெளியே வரும்போது ஒரு பெரிய மனிதர் மைத்துனனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "காமெடி நல்லா வந்திருக்கு தம்பி" என்றார்.

அவன் எடுத்திருந்தது திகில் படம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. ஒரு லிஃப்ட்டை ஐந்தாறு கயிறுகள் தாங்கும். அதில் ஒன்று மிச்சமிருந்தாலும் போதும். எல்லாமே அறுந்தால்கூட, பெட்டிக்கு அடியில் இருக்கும் இரும்புத் தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் கவ்விக்கொள்ளும். ஆனால் சினிமாக்காரனுக்குத் தாடை என்றால் கதாநாயகனுடையது மட்டும்தான்.

லிஃப்ட்டோடு போனாலும் பரவாயில்லை. படங்களில் தோளில் குண்டு வாங்கியவன் அதே கையால் ஐந்து பேரை அடிக்கிறான். டிவியைப் போட்ட அந்த நொடியில் இவர்களுக்கு வேண்டிய செய்தி முதலிலிருந்து தொடங்குகிறது. போனில் பேசுகிற ஒருத்தரும் 'சரி, வச்சிடறேன்' என்று சொல்வதில்லை. அப்படிப் பட்டென்று வைத்தால் எங்கள் குடும்பத்தில் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இருக்காது. இதையெல்லாம் நான் சத்தமாகச் சொல்லாமல் ஒரு படமும் பார்த்ததில்லை. அதனால் வீட்டில் படம் ஓடும்போது என் மகள், "அப்பா, ஒண்ணு வாயை மூடிட்டுப் பாருங்க, இல்லேன்னா போய்ப் பாத்திரம் கழுவுங்க" என்பாள். இப்போது நான் பாத்திரம் நன்றாகவே கழுவுகிறேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"நீங்க எப்பவும் உண்மையைத்தான் சொல்வீங்க" என்றாள். என் மேல் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டை யாரும் வைத்ததில்லை.

மறுநாள் விஷயம் வந்தது. படத்தைத் தயாரித்த அம்மா, லிஃப்ட் காட்சியையே வெட்டச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் படம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்றாராம். வெட்டினால் கதாநாயகி லிஃப்ட்டுக்குள் நுழைவாள். அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பாள். அதை ஓட்டை என்று சொல்ல முடியாது. கிணறு. முடிவு சொல்லப் பத்து நாள்தான் கெடு. மைத்துனன் எட்டு வருஷம் உதவி இயக்குநராக அலைந்து வாங்கிய படம் அது.

எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வியும் இருந்தது.

"வீட்டுலயே ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்கேன். மூணு வருஷமா அந்தக் கதையை எழுதியிருக்கான். ஒரு வார்த்தை என்னை ஏன் கேக்கல?"

"அவனையே கேளுங்க" என்றாள் மனைவி.

மாமியாரைக் கேட்டேன். "அவனுக்கு நேரமே இருந்திருக்காது மாப்பிள்ளை" என்றார். அவனையே போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "பரவால்ல மாமா, விடுங்க மாமா, வச்சிடறேன் மாமா" என்று மூன்று மாமா போட்டு முடித்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. நாக்கு ஜோக்குப் பக்கம் ஓடிவிடும். அதனால் ஒரு நாள் காலையில் நான் சர்வீஸ் பார்க்கும் பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்துக்கு அவனை வரச்சொன்னேன். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குக் கூட்டிப்போய், எல்லாவற்றையும் காட்டினேன். எண்ணெய் படிந்த தரையில் கால் வைக்கப் பயந்து அவன் கதவோரமாகவே நின்றான்.

"அப்போ லிஃப்ட்டுல எதுக்குமே பயப்பட வேண்டாமா மாமா?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"கீழ விழறதுக்குப் பயப்பட வேண்டாம். பழைய லிஃப்ட்டா இருந்தா, மேலே போறதுக்குப் பயப்படணும்."

அவன் கதவை விட்டு ஓரடி உள்ளே வந்தான்.

"பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு எடைக்கல் தொங்குது பாரு. காலிப் பெட்டியை விட அது கனம். உள்ள ஒரே ஒரு ஆள் இருக்கும்போது மோட்டார் பிரேக் வழுக்கிச்சுன்னு வை, கல்லு கீழ இறங்கும், பெட்டி மேல ஏறும். ஏற ஏற வேகம் கூடும். பழைய லிஃப்ட்டுல அந்தத் தாடை கீழ விழும்போதுதான் கவ்வும், மேல போனா கவ்வாது."

"பார்த்திருக்கீங்களா?"

"உள்ளேயே இருந்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். அஞ்சை அழுத்தினேன். அஞ்சு வந்துச்சு, நிக்கல. ஆறு, ஏழுன்னு நம்பர் ஓடுது."

"என்ன பண்ணீங்க?"

ஜோக் ஒன்றும் கைக்குக் கிடைக்கவில்லை. "என்ன பண்றது. தரையில உக்காந்து தலையை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டேன். கீழ கல்லு ஸ்பிரிங்ல போய் மோதிச்சு, பெட்டி ஒரு குதி குதிச்சு நின்னுச்சு. தலையில நாலு தையல். இதை உங்க அக்காகிட்ட சொல்லாதே, வண்டியில விழுந்த தழும்புன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. "அஞ்சைத் தாண்டினப்போ என்ன தோணுச்சு மாமா?" என்று கேட்டான். சொன்னேன். அரை மணி நேரம் சொல்லியிருப்பேன்.

அந்த வாரமே ஒரு மதியத்தில், செட்டில் போட்டிருந்த லிஃப்ட் பெட்டிக்குள் கதாநாயகியை வைத்து இரண்டே ஷாட் எடுத்தான். அவள் ஐந்தை அழுத்துவது ஒன்று. தரையில் உட்கார்ந்து தலையை மூடிக்கொள்வது இன்னொன்று. மிச்சத்தை எடிட்டிங் அறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையும் அழைத்தான்.

எடிட்டர் நாற்காலியைத் திருப்பாமலே கேட்டார். "அந்தச் சிரிப்பு நீங்கதானே?"

"ஆமாங்க."

"ஓரமா உக்காருங்க. ஏசிச் சத்தம் மட்டும் போதும் எனக்கு."

கயிறு அறுகிற ஷாட்களை எல்லாம் அவர் தூக்கிக் கடாசினார். இருபத்திரண்டிலிருந்து கீழே ஓடிய எண்களைப் பின்னோக்கி ஓடவிட்டார். இப்போது எண்கள் மேலே ஏறின. கதாநாயகி ஐந்தை அழுத்துகிறாள். நான்கு, ஐந்து, ஆறு. அவள் திரும்பிப் பொத்தானைப் பார்க்கிறாள். எண்கள் நிற்கவில்லை. என் கை தலைத் தழும்புக்குப் போயிருந்தது. நான் கேலி பேசிய அதே பெட்டிதான், அதே பெண்தான்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். எண் பலகை ஷாட்டின் ஓரத்தில் அவள் மணிக்கட்டு தெரிகிறது. மணிக்கட்டில் வாட்ச். காட்சியைத் திருப்பி ஓடவிட்டதால் வாட்ச்சின் நொடிமுள் பின்பக்கமாக ஓடுகிறது. திரை முழுக்க எனக்கு அந்த முள் மட்டும்தான் தெரிந்தது. என் வாய் தானாகவே திறந்தது.

மைத்துனன் திரையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயசு ஆள், பரீட்சைப் பேப்பர் வாங்கப் போகிறவன் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாயை மூடிக்கொண்டேன். பல் நாக்கில் பட்டது.

பத்தாவது நாள் தயாரிப்பாளர் அம்மா வந்தார். நின்றபடியே பார்க்க ஆரம்பித்தவர், எண் ஆறைத் தாண்டியதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நொடிமுள்ளை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு, "இது இருக்கட்டும்" என்றார். படியில் போனார். அந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் இருக்கிறது.

மைத்துனனும் நானும் நடைபாதையில், டீ மெஷின் பக்கத்தில் நின்றோம். அவன் காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் இன்னொரு தடவை கேட்டேன், இந்தத் தடவை கேலியில்லாமல்.

"ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"விடுங்க மாமா."

"மாமாவை விடு. சொல்லு."

கோப்பையை மெஷின் மேல் வைத்தான்.

"உங்க கல்யாணம் ஆன புதுசுல ஒரு கதை எழுதி உங்ககிட்ட படிச்சுக் காட்டினேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"செத்துப்போன தம்பியோட நம்பருக்கு அண்ணன்காரன் தினமும் போன் பண்ணிப் பேசற கதை. எல்லாரும் உக்காந்திருந்தாங்க. நீங்க, 'அந்த நம்பரைக் கம்பெனிக்காரன் இந்நேரம் வேற எவனுக்காவது கொடுத்திருப்பானே'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்."

"கேட்டிருப்பேன்."

"அதுக்கப்புறம் நாலு வருஷம் நான் ஒரு வரி எழுதல மாமா. லிஃப்ட்டு கதையை உங்ககிட்ட கேட்டிருந்தா, எல்லாம் சரியா இருந்திருக்கும். ஆனா நான் எழுதியிருக்க மாட்டேன்."