இல்லாத மீனவன் கொடுத்த பாட்டு

எங்கள் நாட்டுப்பாட்டு மன்றத்தில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. லீட்ஸ் நகரத்து மதுக்கடை ஒன்றின் மாடியில் வியாழன்தோறும் கூடுவோம். யார் பாட எழுந்தாலும், முன்வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் டொரீன் ஊசியை நிறுத்தாமலே கேட்பாள்: "யாருகிட்டேருந்து வந்த பாட்டு?" இன்ன கிழவரிடம் கேட்டேன் என்றால் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். நானே எழுதினேன் என்றால் போச்சு. பாதிப் பேருக்கு அப்போதுதான் மூத்திரம் முட்டும்.

ஹெஸ்டர் ஸ்டோர் முதல்முறை அங்கே பாட வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கடலோரத்து ஸ்கார்விக்கிலிருந்து படிக்க வந்தவள். அவள் அண்ணன் ஜெம் கடலில் மூழ்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. படகின் அடியில் தண்ணீர் ஏறினால் அலற வேண்டிய மணி கம்பி அறுந்து கிடந்தது. முதலாளி ஹார்க்கரிடம் ஜெம் மூன்று முறை சொல்லியிருக்கிறான். வசந்தம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். விசாரணையில் இதை எழுதிக்கொண்டதோடு சரி, ஒருவரும் அவர் மயிரைக்கூடத் தொடவில்லை. அதனால் ஹெஸ்டர் பாட்டு எழுதினாள். பாடும்போதெல்லாம் ஹார்க்கர் பெயர் வரும். சட்டம் விட்டவரைப் பாட்டு விடக்கூடாது என்பது அவள் கணக்கு.

நான் வில்ஃப். தச்சு வேலை செய்கிறேன். கான்சர்டீனா வாசிப்பேன், கையில் பிடித்து அமுக்கும் துருத்திப் பெட்டி. அன்று அவளுக்குப் பக்கவாத்தியம் நான்தான். டொரீன் கேள்வி கேட்டதும் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் சாவைப் பற்றி அந்தக் கூட்டத்தின் நடுவில் எப்படிச் சொல்வாள்? நான் முந்திக்கொண்டேன்.

"ஸ்கார்விக்ல நெட் பிரஸ்டன்னு ஒரு பழைய மீனவர். அவர் கொடுத்தது. இப்ப அவர் இல்ல" என்றேன்.

கடைசி வார்த்தை மட்டும் உண்மை. நெட் பிரஸ்டன் எப்போதுமே இருந்ததில்லை.

பாட்டு முடிந்ததும் மாடியே கை தட்டியது. கீழே இறங்கும்போது ஹெஸ்டர் என் கையைப் பிடித்தாள். "அடுத்த வாரம் உண்மையச் சொல்லிடு, வில்ஃப்."

"சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லவில்லை. மூன்று வருடம் சொல்லவில்லை. காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தவன் என்று எனக்கு மன்றத்தில் மரியாதை வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்தால் என்னைக் காட்டி, "நெட் பாட்டைக் கொண்டுவந்தது இவன்தான்" என்பார்கள். எனக்கு இலவசமாக பீர் வேறு. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் இத்தனை வாலாட்டாது.

பிறகு ஏட்ரியன் லாக்வுட் விருந்தாளியாக வந்து பாட்டைக் கேட்டார். நாற்பது ஆண்டாகப் பாடும் பெரிய மனுஷர். காதில் ஒரு கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் சபையே உருகும். இந்த வசந்தத்தில் அவருடைய இசைத்தட்டு வந்தது. அதில் அந்தப் பாட்டு. கீழே, "மரபுப் பாடல், நெட் பிரஸ்டன் வழி" என்று இருந்தது. இல்லாதவனுக்குப் பெயர், எழுதியவளுக்கு ஒன்றுமில்லை. அதைக்கூட ஹெஸ்டர் பொறுத்திருப்பாள். மூன்றாம் சரணத்தையே காணோம்.

"ஹார்க்கர் எங்க?" என்று என் பட்டறைக்கு வந்து கேட்டாள். "சொல்லு. என் பாட்டுல ஹார்க்கர் எங்க?"

"நான் லாக்வுட்டுக்கு எழுதறேன்" என்றேன். அதையும் எழுதவில்லை.

ஆகஸ்டில் ஸ்கார்விக்கிலேயே பாட்டுத் திருவிழா. மதியம் மூன்று மணிக்குப் பெரிய கூடாரத்தில் லாக்வுட். மழையில் தரையெல்லாம் சேறு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐந்நூறு பேர். நாங்கள் இருவரும் மேடையேற வேண்டியது அவருக்கு அடுத்து, அதனால் மேடை ஓரத்தில் நின்றோம். அவர் நெட் கதையை ஆரம்பித்தார். நெட்டின் வலைகளைப் பற்றிச் சொன்னார், அவர் புகைத்த சுங்கானைப் பற்றிச் சொன்னார். நெட்டின் பேத்தியை நேரில் பார்த்ததாகவும் சொன்னார்.

பல்லவி வந்ததும் வழக்கம்போல மொத்தக் கூடாரமும் சேர்ந்து பாடியது. ஹெஸ்டர் என் தோளை இறுக்கினாள். "மூணாவது வரிசை. தொப்பி."

தொப்பிக்காரர் வாய்நிறையப் பாடிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அது ஹார்க்கர்.

நான் தடுப்பதற்குள் அவள் மேடை முன்னால் போய் நின்றுவிட்டாள். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குமுன் கேட்டாள். "ஒரு சரணத்த விட்டுட்டீங்களே, ஏன்?"

லாக்வுட் சிரித்தார். "மணி, கம்பின்னு வருமே, அதுவா கண்ணு? அது பின்னால எவனோ ஒட்டினது. அந்தக் காலத்துப் படகுல ஏது கம்பி? பாட்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணினேன், அவ்வளவுதான்."

"அந்தக் காலம் எது? நாலு வருஷம் முந்தி. பாட்டை எழுதினது நான்."

கூட்டத்தில் சிரிப்பு. லீட்ஸிலிருந்து வந்திருந்த டொரீனே எழுந்து, "ஹெஸ்டர், உக்காரும்மா. நெட் பாட்டை நீ நல்லாப் பாடுவ, யாரு இல்லேன்னா? அதுக்காக உன்னோடதுன்னு சொல்லலாமா?" என்றாள்.

"நல்ல பாட்டுன்னா எல்லாருக்கும் அது தன்னோடதுன்னுதான் தோணும், கண்ணு" என்றார் லாக்வுட். அதற்கும் கைதட்டல்.

ஹெஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தாள். பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடி நான் சும்மா நின்றதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். பிறகு மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கினேன்.

"நெட் பிரஸ்டன்னு ஒருத்தனே கெடையாது. நான் விட்ட கதை அது. பாட்டு இவளோடது. செத்தது இவ அண்ணன்."

"அவர் பேத்திய நானே..." என்று லாக்வுட் ஆரம்பித்தார்.

"ஆளே இல்லைங்கறேன், பேத்தி எங்கேருந்துய்யா வந்தா?"

லாக்வுட் கழுத்து வரை சிவந்துபோய்க் கிடாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஹெஸ்டர் மேடையேறினாள். நான் பெட்டியின் வாரில் கையை நுழைத்துக்கொண்டு என் இடத்தில் நின்றேன்.

"இப்ப பாடப்போறேன். யாரும் கூடப் பாடாதீங்க" என்றாள். எங்கள் கூட்டத்தில் இதற்கு மேல் ஓர் அவமானம் கிடையாது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நீயுந்தான், வில்ஃப். கீழ எறங்கு."

இறங்கினேன். வேறென்ன செய்ய? வழியோரம், மூன்றாம் வரிசை முடியும் இடத்தில் நின்றேன். அவள் தனியாகப் பாடினாள். பல்லவிக்கு ஐந்நூறு வாய்களும் மூடியே இருந்தன. மூன்றாம் சரணம் வந்தது.

மணி அடிக்கலையே அம்மா, கம்பி அறுந்து கிடந்ததே,
ஹார்க்கருக்குத் தெரியும் அம்மா, ஹார்க்கருக்குத் தெரியுமே,
வசந்தம் வரட்டும் என்றாரே, ஜெம் வசந்தம் காணலையே.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியின் பக்கம் திரும்பினார்கள். ஹார்க்கர் எழுந்தார். வரிசையில் முட்டிகளை இடித்துக்கொண்டு வெளியே வந்தவர் என் பக்கத்தில் நின்றார்.

"பழைய பாட்டுன்னு நீ சொன்னதத்தான் தம்பி நம்பியிருந்தேன்" என்று கிசுகிசுத்தார். "வேற ஏதோ ஜெம்முன்னு நெனச்சேன். எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

அந்த நிம்மதியை மூன்று வருடமாக அவருக்குக் கொடுத்தவன் நான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் கோட்டுக் கையைப் பிடித்தேன்.

"உக்காருங்க" என்றேன். "இன்னும் ஒரு சரணம் இருக்கு."