மூன்று கழுதைகளின் சொந்தக்காரி

உம்மு குல்சூமின் புருஷன் ஜமால்தீனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒப்பரேஷனை ஆஸ்பத்திரியில் சும்மா செய்வார்கள், கண்ணுக்குள் வைக்கும் வில்லையைத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். வருமானம் குறைந்தவர்களுக்கென்று புதிதாக வந்த சுகாதாரக் காப்புறுதியில் சேர்ந்தால் அதுவும் கிடைக்கும். அதில் மூன்று வகை. பரம ஏழைக்கு முழுச் செலவு, ஏழைக்குப் பாதி, மூன்றாம் வகைக்கு ஆறுதல் வார்த்தை.

வீட்டு நிலைமையை விசாரிக்க வந்த உத்தியோகத்தர் சுவேதினி மிஸ் பதுளையிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு நாள்தான். அவர் படலையைத் திறந்த நேரம் பார்த்து வேலி நிழலில் மூன்று கழுதைகள் நின்றன. மன்னாரில் கழுதைகள் காகம் மாதிரி, யாருக்கும் சொந்தமில்லை. இதைப் பதுளையில் யார் சொல்லிக்கொடுப்பது? போதாக்குறைக்கு ஜமால்தீன் ஒரு கழுதையிடம் போய், "வாங்கோ மிஸ், கதிரையில இருங்கோ" என்று குழைந்துவிட்டு, கழுதைக்கு வைத்திருந்த வத்தகப்பழத் தோலை மிஸ்ஸின் கையில் திணித்தார். தீனி போட்டு வளர்க்கிறார்கள் என்று மிஸ் முடிவு கட்டினார். கால்நடை மூன்று, வகையும் மூன்று என்று கோப்பில் எழுதினார்.

உம்மு குல்சூம் மிஸ்ஸின் கந்தோருக்குப் போய், கழுதைகள் எங்களுடையவை இல்லை என்று சொன்னாள். உண்மையான சொந்தக்காரரிடம் கடிதம் வாங்கி வந்தால் கோப்பிலிருந்து வெட்டலாம் என்றார் மிஸ். கடிதத்தைக் கழுதையா எழுதித் தரும்?

அன்றிலிருந்து அவள் பழத்தோலை இரண்டு தெரு தள்ளி, மிஸ் வாடகைக்கு இருந்த வீட்டுப் படலையில் கொட்டினாள். வாயில்லாச் சீவனுக்குச் செய்வது நன்மைதானே என்று மனதையும் தேற்றிக்கொண்டாள். நான்காம் நாள் மிஸ் கந்தோருக்கு நடக்க, மூன்றும் பின்னால் நடந்தன. பதுளையிலிருந்து கூட்டி வந்தீர்களா என்று கந்தோரில் எல்லோரும் கேட்டார்களாம்.

ஐந்தாம் நாள் மிஸ் கோப்போடு உம்மு குல்சூமின் படலையில் வந்து நின்றார். பின்னால் கழுதைகள்.

"இதுங்க என்னோடது இல்லைங்க" என்றார்.

"அப்ப கடிதம் கொண்டுவாங்கோ மிஸ்."

மிஸ் அடக்க முடியாமல் சிரித்து, கோப்பைத் திறந்து 'கால்நடை மூன்று' என்பதை வெட்டினார். சத்தம் கேட்டு ஜமால்தீன் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து, படலைப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நாலு மிஸ்மார் வந்திருக்கிறாங்க. குல்சூம், நாலு கதிரை கொண்டு வா."

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கதிரை. மிஸ் அதைப் பார்த்தார், ஜமால்தீனின் கண்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. 'வகை மூன்று' என்பதையும் வெட்டிவிட்டு, முதலாம் வகை என்று எழுதினார்.