வானத்துக்கு நீலம் கூட்டியவள்

1

இந்தக் கதை ஒரு பட அஞ்சலட்டையில் தொடங்கியது. பழைய புத்தகம் ஒன்றுக்குள் கிடைத்தது: ஏரி, படகு, நம்ப முடியாத நீலத்தில் வானம். பின்பக்கம் ‘அப்பாவும் பிள்ளைகளும், அச்சிடுவோர்’ என்று இருந்தது. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

முன்னொரு காலத்தில், ஏரிக்கரை ஓரமாக ஓர்...

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

அப்பா அச்சிட்டார். பெரிய தம்பி படம் எடுத்தான். சின்னவன் கடை கடையாக ஏறி இறங்கி விற்றான். மங்கிய வானங்களுக்கு நீலம் கூட்டுவது அக்காவின் வேலை. ஊர் பார்க்க வந்தவர்கள், அட்டையில் இருக்கும் வானத்தைக் காணோமே என்று கடைக்காரர்களிடம் சண்டைக்கு நின்றார்களாம். (விற்பனை என்னவோ சக்கைப்போடு போட்டது.)

3

அச்சகத்துக்கு வந்துபோன மை விற்பனையாளரை முதலில் ஏமாற்றுக்காரராக எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன், மனிதர் யோக்கியர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அக்காவிடம் நேராகவே கேட்டார். அப்பா படுக்கையில் விழுந்திருந்த சமயம். தம்பிகள் தலையெடுக்கட்டும் என்றாள். அவரும் காத்திருந்தார். தம்பிகள் தலையெடுத்து, கல்யாணமாகி, ஆளுக்கொரு நகரத்துக்குப் போனார்கள். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவள் அவரை

(இந்த வாக்கியத்தை முடிக்க எவ்வளவோ முயன்றேன். வரவில்லை.)

அப்பாவுக்குப் பிறகு கம்பெனி அக்காவின் கைக்கு வந்தது; நன்றாகவே நடந்தது. ஆட்கள் வீட்டுக்குப் போனபின் பேச்சுத்துணைக்கு வானொலி மட்டும்.

4

ஒரு மழை நாளில் அச்சகத்தின் முன்னறைக் கடைக்கு அவர் வந்தார், மனைவியோடு. தலை நரைத்திருந்தது. அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவருக்கும்தான். இருவரும் காட்டிக்கொள்ளவில்லை. எந்த அட்டை நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மாள் அக்காவிடமே யோசனை கேட்டார். அக்கா மலைப்பாதை அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மனைவி வண்டியில் ஏறியபின் அவர் மட்டும் திரும்பி வந்தார்.

“வீட்டுல யாரு இருக்கா உங்களுக்கு?”

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், “தம்பிங்க இருக்காங்க” என்று பொய் சொல்கிறாள். இன்னொன்றில், “யாருமில்ல” என்கிறாள். அவர் குடையை விரித்துக்கொண்டு போகிறார். மற்றொன்றில் சிரித்துச் சமாளிக்கிறாள். அதை நானே நம்பவில்லை.

எதைச் சொன்னாலும் அவர் போய்விடுவார். அது மட்டும் நிச்சயம். அதற்குப் பிறகு அவளை அந்தக் கடையில் விட்டுவிட்டு முற்றுப்புள்ளி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பதிலை உங்களிடம் விடுகிறேன். அவள் என்ன சொன்னாலும் சரி, வண்டி கிளம்பியதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அவளோடு இருங்கள்.