அந்தக் கருப்புத் திரையை மூடாதீங்க

என் மருமகள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவள். எதைக் கேட்டாலும் "ம்", "சரிங்கத்தை", அவ்வளவுதான். ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். "சரியான அழுத்தக்காரிடி" என்று என் தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

வீட்டின் முன்பகுதி எங்கள் பட்டறை. கால் வளைந்தவர்கள், விரல் இழந்தவர்கள் என்று அவரவர் காலுக்கேற்ற ஷூ செய்கிறோம். காலின் அச்சை மிஷின் மரத்தில் கடைந்து தரும். அதன்மேல் தோலை இழுத்து வைத்து என் வீட்டுக்காரர் தைப்பார். போன மழைக்காலத்தில் சர்க்கரை வியாதி அவருடைய வலது காலிலேயே விரல்களைக் கொண்டுபோய்விட்டது. ஊருக்கெல்லாம் ஷூ செய்தவர் கட்டிலே கதியென்று உட்கார்ந்துவிட்டார். "எனக்கெதுக்கு ஷூ? நான் எங்க போகப்போறேன்?" என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரியில் அவர் காலை ஸ்கேன் எடுத்தோம். அது புது வகை ஃபைலாம், எங்கள் மிஷினின் கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. அதை இயக்குவது லினக்ஸ் என்ற அரதப்பழசான சிஸ்டம். செய்து கொடுத்த கம்பெனியோ எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. மாற்றவும் வழியில்லை, மிஷினோடு பேசத் தெரிந்தது அது ஒன்றுதான். புது ஃபைலைப் படித்து மிஷினை ஓட்டும் சாஃப்ட்வேரை அதிலேயே ஏற்றியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் உட்கார்ந்தான். பொறுமையில் அவன் என் பிள்ளை. சாஃப்ட்வேர் லைப்ரரி என்கிற துணை ஃபைல் ஒன்றைக் கேட்டது, அது இன்னொன்றைக் கேட்டது. எலிக்குப் பயந்து பூனை வளர்த்து, பூனையின் பாலுக்குப் பசு வாங்கிய சந்நியாசி கதைதான். கடைசியில் அடிப்படை லைப்ரரியில் வந்து நின்றது. எல்லா ப்ரோகிராமும் சாய்ந்து நிற்கும் தூண் அது.

"பழசுக்குப் பதிலா புதுசை வெச்சா தீர்ந்தது" என்று கட்டளை அடிக்கும் கருப்புத் திரையில் தட்டினான்.

தீர்ந்தேதான் போனது. எந்தக் கட்டளைக்கும் 'கெர்னல் மிகப் பழையது' என்று ஒரே பதில். புது லைப்ரரியைத் தாங்க முடியாத கிழட்டு லினக்ஸ் அது. அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!"

என் மருமகளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

"ஆஃப் பண்ணா இது மறுபடி எழுந்திருக்காது. இந்தக் கருப்புத் திரை நீங்க மாத்தறதுக்கு முன்னாடியே திறந்தது. பழைய லைப்ரரியை இன்னும் பிடிச்சுக்கிட்டிருக்கு. இதை மட்டும் மூடாதீங்க."

"அப்பாவோட மிஷின் போச்சா?" என்றான் மகன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "உன் அவசரத்துல இடி விழ!" என்று அவனைத் திட்டித் தீர்த்தேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பழசு அழியலை அத்தை. கூப்பிட்டா புதுசு வந்து நிக்குது, அவ்வளவுதான். பேரைப் பழசுக்கே திருப்பிவிடணும்."

"அப்ப திருப்பிவிடேன்!" என்றேன்.

"திருப்பற ப்ரோகிராமும் அந்தத் தூண்லதான் சாஞ்சிருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா எதுலயும் சாயாத சின்ன ப்ரோகிராம் ஒண்ணு உண்டு. என்னைக்காவது ஒருத்தர் தூணையே பிடுங்குவாங்கன்னு எந்தப் புண்ணியவானோ முன்னாடியே நினைச்சு வெச்சிருக்கான்."

ஒரே வரி அடித்தாள். எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு எண்டரைத் தட்டினாள். அடுத்த கட்டளைக்குத் திரை நிறைய ஃபைல் பெயர்கள் கொட்டின, கம்ப்யூட்டர் மறுபடி பேசியது. மகன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதோடு விடவில்லை அவள். புது சாஃப்ட்வேரின் மூல நிரலையே இறக்கி, அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்க ஆரம்பித்தாள். "வெளியில சமைச்சது இதுக்குச் செரிக்காது அத்தை. இங்கேயே இதோட பதத்துக்குச் சமைக்கணும்." ஒவ்வொரு பிழைக்கும் மகன் பல்லைக் கடித்தான். அவளோ பிழையைப் படித்து, ஒன்றைத் திருத்தி, மறுபடி ஓடவிட்டாள். கேட்ட லைப்ரரிகளையெல்லாம் தனி ஃபோல்டரில் குடிவைத்தாள், பழையவற்றில் கைவைக்கவில்லை. என் பிள்ளையைப் பெற்ற எனக்கு அந்தப் பொறுமையில் கால்வாசிகூடக் கிடையாது. வாய்விட்டுச் சொல்கிறேன், அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மிஷின் உறுமியது. மரத்துண்டிலிருந்து விரலில்லாத அந்தக் கால் மெல்ல வெளியே வந்தது. சத்தம் கேட்டு அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அச்சைக் கையில் வாங்கித் தடவினார்.

"குதிகால் சரியா இருக்கு" என்றார். தோலை எடுத்துவரச் சொன்னார்.

அடுத்த சில நாட்களில் ஷூவை அவரே தைத்தார். போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பிவரக் காணோம். நான் பதறிப்போய்த் தெருவில் நின்றேன். நிதானமாக வந்தார், கையில் பேப்பர்.

"சொல்லாம எங்க போனீங்க?"

"முக்கு வரைக்கும். ஏன், நான் எங்கயும் போகக் கூடாதா?"

மருமகளிடம் சொல்லப் பட்டறைக்குள் ஓடினேன். அந்தக் கருப்புத் திரையை அன்றிலிருந்து அவள் யாரையும் மூடவிடவில்லை.

"மாமா நடந்துட்டாரா?" என்றாள்.

"பேப்பர் வாங்கிட்டு வர்றாரு."

"அப்ப இனி மூடலாம்" என்று அதை மூடினாள்.

சரியான அழுத்தக்காரி. இருந்துவிட்டுப் போகட்டும்.